மணக்கும் விஷம்! பென்சீனின் கதை

துருக்கி நாட்டின் பெரிய நகரம் இஸ்தான்புல். அங்கே செருப்பும் பூட்சும் செய்யும் பட்டறைகள் ஏராளம். பெரும்பாலும் சின்னஞ்சிறு அறைகள். காற்று வர வழி கிடையாது. ஒரே அறையில் பல பேர் உட்கார்ந்து காலை முதல் இரவு வரை வேலை செய்வார்கள்.

1960-களின் பிற்பகுதியில் இந்தப் பட்டறைகளில் இருந்து ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். முகம் வெளுத்திருந்தது. பல் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. தொட்டால் போதும், உடம்பில் நீலத் திட்டுகள் தோன்றின. நாலு படி ஏறினால் மூச்சு இரைத்தது.

முஸாபர் அக்சோய் என்பவர் அங்கே ரத்த நோய் டாக்டர். அவர் நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார். அதோடு நிற்கவில்லை. "என்ன தொழில் செய்கிறாய்?" என்றும் கேட்டார்.

பதில் ஒன்றாகவே இருந்தது. செருப்புத் தொழில்!

1967 முதல் 1973 வரை 26 செருப்புத் தொழிலாளர்களுக்கு ரத்தப் புற்றுநோயோ, அதற்கு முந்திய நிலையோ இருப்பதை அவர் கண்டார். நகரத்தில் அந்தத் தொழிலில் இருந்தவர்கள் 28 ஆயிரத்து 500 பேர். கணக்குப் போட்டுப் பார்த்தார். மற்ற ஜனங்களில் வருடத்துக்கு லட்சத்தில் 6 பேருக்கு வரும் நோய், செருப்புத் தொழிலாளர்களில் லட்சத்தில் 13 பேருக்கு வந்திருந்தது. இரண்டு மடங்குக்கும் அதிகம்! 1974-ம் ஆண்டு அவர் இதைப் பத்திரிகையில் வெளியிட்டபோது உலகத்து டாக்டர்கள் திடுக்கிட்டார்கள்.

தோலில் விஷம் இல்லை. நூலில் விஷம் இல்லை. ஒட்டும் பசையில் இருந்தது! நம் ஊர் சைக்கிள் கடைகளில் பஞ்சர் ஒட்டுவதற்கு "சொலூஷன்" தடவுகிறார்களே, அதுபோன்ற ரப்பர் பசைதான். அதை இளக்குவதற்கு முன்பு வேறு திரவம் சேர்த்து வந்தார்கள். பிறகு மலிவாக ஒரு திரவம் கிடைத்தது. அதைச் சேர்த்தார்கள். பசை சீக்கிரம் காய்ந்தது. வேலை வேகமாக நடந்தது. அறை முழுவதும் ஓர் இனிய மணம் பரவியது.

அந்த மணம்தான் தொழிலாளியின் எலும்புக்குள் புகுந்து அவனைத் தின்றது. அந்தத் திரவத்தின் பெயர் பென்சீன்.

திமிங்கில எண்ணெயில் பிறந்தது

பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும் பென்சீன். நிறம் கிடையாது. நல்ல குளிர் நாட்டில் வெளியே வைத்தால் கட்டியாக உறைந்துவிடும். 80 டிகிரி சூட்டில் கொதிக்கும். தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றும், கரும்புகை கக்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் மைக்கேல் பாரடே. லண்டன் பக்கத்தில் ஒரு கொல்லனின் மகன். பள்ளிப் படிப்பு அதிகம் கிடையாது. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானி ஆனவர். மின்சார மோட்டாருக்கும் டைனமோவுக்கும் அடிப்படை போட்டவர் இவரே.

அந்தக் காலத்தில் லண்டனில் காஸ் விளக்குகள் எரிந்தன. ஒரு கம்பெனி திமிங்கில எண்ணெயையும் மீன் எண்ணெயையும் பழுக்கக் காய்ச்சி, காஸ் தயாரித்து, அதை இரும்புக் குடுவைகளில் அழுத்தி அடைத்து வீடு வீடாக விற்று வந்தது. இன்று நம் வீடுகளுக்குச் சமையல் காஸ் சிலிண்டர் வருகிறதல்லவா, ஏறக்குறைய அதே ஏற்பாடு! அழுத்தி அடைக்கும்போது குடுவையின் அடியில் எண்ணெய் போன்ற திரவம் கொஞ்சம் தங்கியது. "இது என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று பாரடேயிடம் கொடுத்தார்கள்.

பாரடே அதைப் பன்னீர் வடிப்பது போலத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார். பிறகு ஐஸில் வைத்து உறைய வைத்தார். உறைந்த வெள்ளைக் கட்டியைத் தனியே எடுத்தார். 1825-ம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்தப் புதிய பொருளைப் பற்றிப் படித்தார். அவர் வடித்தெடுத்த பென்சீனில் கொஞ்சம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

சாம்பிராணி கொடுத்த பெயர்

பாரடே அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாத நீளமான பெயர். அது நிலைக்கவில்லை. நிலைத்த பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சாம்பிராணியில் இருந்து!

சுமத்ரா முதலிய கிழக்குத் தீவுகளில் ஒரு மரம் இருக்கிறது. அதன் பட்டையைக் கீறினால் பால் வடிந்து இறுகும். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமையானால் தணலில் தூவுகிற சாம்பிராணி வகைகளில் அதுவும் ஒன்று. அரபு வியாபாரிகள் அதை "லுபான் ஜாவி" என்றார்கள். ஜாவாச் சாம்பிராணி என்று பொருள். ஐரோப்பியர் வாயில் அது தேய்ந்து, திரிந்து, "பென்சாயின்" ஆனது.

அந்தச் சாம்பிராணியில் ஓர் அமிலம் உண்டு. 1833-ம் ஆண்டு வாக்கில் பெர்லின் நகரத்துப் பேராசிரியர் மிட்ஷெர்லிக் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடேற்றினார். வடிந்து வந்தது பாரடே கண்ட அதே திரவம். சாம்பிராணிப் பெயரையே அதற்கும் சூட்டிவிட்டார்.

தார்ச் சகதியில் தங்கம்

ஆனால் சாம்பிராணியைக் காய்ச்சித் தொழிற்சாலை நடத்த முடியுமா? கட்டுப்படியாகாது.

நிலக்கரியைச் சூடேற்றிக் காஸ் எடுக்கும்போது கரிய தார் மிஞ்சும். நாற்றமடிக்கும் அந்தத் தாரை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் காஸ் கம்பெனிகள் தவித்தன. அந்தத் தாரில் பென்சீன் இருப்பதை லண்டனில் ரசாயனக் கல்லூரி நடத்திய ஜெர்மானியர் ஹாப்மன் 1845-ல் கண்டார். அதை ஏராளமாகப் பிரித்தெடுக்க வழி கண்டவர் அவருடைய மாணவர் சார்லஸ் மேன்ஸ்பீல்டு. பாதிரியாரின் மகன், ஏழைத் தொழிலாளிகளிடம் இரக்கமுள்ள இளைஞர்.

1855-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பெரிய பொருட்காட்சி நடப்பதாக இருந்தது. அதில் வைப்பதற்காக மேன்ஸ்பீல்டு பென்சீன் தயாரித்துக் கொண்டிருந்தார். வாடகைக்கு எடுத்த இடம். பிப்ரவரி மாதம் 17-ந் தேதி, காய்ச்சிக் கொண்டிருந்த பாத்திரம் பொங்கி வழிந்தது. தீப்பிடித்தது.

அவர் தப்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கட்டிடம் எரிந்துவிடுமே என்று, எரிகிற பாத்திரத்தைக் கையில் தூக்கிக் கொண்டு தெருவுக்கு ஓடினார். உடம்பெல்லாம் வெந்தது. ஒன்பது நாள் கழித்து ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 35 தான்.

அதற்கு மறு ஆண்டு, ஹாப்மனின் இன்னொரு மாணவன், 18 வயதுப் பையன் வில்லியம் பெர்கின், தார்ச் சரக்கில் இருந்து மலேரியா மருந்து செய்யப் போய், பட்டுக்கு ஏற்ற ஊதாச் சாயம் செய்துவிட்டான்! அவன் மூலப்பொருளாக வைத்திருந்த அனிலீன், பென்சீனில் இருந்து செய்யப்பட்டது. அந்தப் பென்சீன் சுத்தமில்லாமல் வேறு சரக்கும் கலந்திருந்தது. கலப்படம் இல்லையென்றால் அந்த ஊதா நிறமே கிடைத்திராது. கலப்படத்தால் விளைந்த நன்மை என்று உலகத்தில் ஏதாவது உண்டென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்! பெர்கின் பணக்காரர் ஆனார். சாயத் தொழிற்சாலைகள் பெருகின. அவை கேட்டதெல்லாம் பென்சீன், மேலும் பென்சீன்.

பாம்பு வந்து சொன்னது

பென்சீன் டன் டன்னாக விற்றது. ஆனால் அதன் உள் அமைப்பு எப்படி என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு துளி பென்சீனில் கோடானு கோடி மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் 6 கார்பன் அணுக்கள், 6 ஹைட்ரஜன் அணுக்கள். இது தெரிந்துவிட்டது. கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஹைட்ரஜனுக்கு ஒரு கை. ஆறு கார்பன்களை வரிசையாக நிற்க வைத்தால் மொத்தம் 14 ஹைட்ரஜன்களைப் பிடித்துக் கொள்ள இடம் இருக்கும். இங்கே இருப்பதோ 6. மிச்சமுள்ள கைகள் எங்கே போயின? அப்படிக் கைகள் சும்மா இருந்தால் கண்டதையும் பிடித்து இழுக்குமே! பென்சீனோ பரம சாது. எளிதில் எதோடும் ஒட்டுவதில்லை.

பெல்ஜியம் நாட்டில் கெண்ட் நகரத்தில் பேராசிரியராக இருந்தவர் ஆகஸ்ட் கெக்குலே. ஜெர்மானியர். கட்டிடக் கலை படிக்கப் போய், ரசாயனத்தில் மயங்கிப் பாதை மாறியவர். ஓர் இரவு அவர் பாடப் புத்தகம் எழுதிக் கொண்டிருந்தார். எழுத்து ஓடவில்லை. நாற்காலியைக் கணப்பு அடுப்புப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கண் சொருகியது.

அணுக்கள் கண் முன்னே கூத்தாடின. நீள நீளமான வரிசைகள் பாம்பு போல் நெளிந்தன. அவற்றில் ஒரு பாம்பு திடீரென்று தன் வாலைத் தானே கவ்விக் கொண்டு சுழன்றது!

திடுக்கிட்டு விழித்தார் கெக்குலே. மீதி இரவு தூங்கவில்லை. வரிசை இல்லை, வளையம்! ஆறு கார்பன்களும் வட்டமாகக் கை கோத்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் ஒரு கையால் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்திருக்கிறது. 1865-ம் ஆண்டு இதை வெளியிட்டார்.

இந்தக் கனவை அவர் வெளியே சொன்னது எப்போது தெரியுமா? 25 வருடம் கழித்து, 1890-ல் பெர்லினில் அவருக்கு நடந்த பாராட்டு விழாவில்! அதனால், கனவு உண்மையா, கட்டுக்கதையா என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். எதுவானால் என்ன? வளையம் உண்மை. அதற்கு முன்பே 1886-ல் ஜெர்மன் ரசாயனக்காரர்கள் ஒரு தமாஷ் பத்திரிகை போட்டு, ஆறு குரங்குகள் வட்டமாக ஒன்றையொன்று பிடித்துக் கொண்டிருப்பதாகப் படம் வரைந்து, "இதுதான் பென்சீன்" என்று கேலி செய்தார்கள்.

அடுப்படியில் ஒரு விஞ்ஞானி

குரங்குகளோ, பாம்போ, கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. வளையம் தட்டையா, நெளிந்ததா? ஆறு பக்கமும் ஒரே அளவா? சண்டை 60 வருடத்துக்கு மேல் நடந்தது.

அதைத் தீர்த்து வைத்தவர் ஒரு பெண்மணி. காத்லீன் லான்ஸ்டேல். அயர்லாந்தில் பிறந்தவர். பத்துக் குழந்தைகளில் கடைசி. கல்யாணம் ஆனதும் லீட்ஸ் நகரத்துக்குக் கணவரோடு குடிபோனார். "இனி வீட்டைப் பார்த்துக் கொள்வதோடு சரி" என்று நினைத்தார். கணவர் சம்மதிக்கவில்லை. ஆராய்ச்சியை விடக் கூடாது என்று வற்புறுத்தினார். இப்படியும் கணவன்மார் உண்டு!

லீட்ஸில் அவருக்குப் பென்சீன் வளையம் உள்ள படிகங்கள் கிடைத்தன. அவற்றில் எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சினார். சிதறிய கதிர்களை அளந்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். மலை மலையாகக் கணக்கை எல்லாம் கையாலேயே போட்டார். 1929-ல் விடை வந்தது. வளையம் தோசைக் கல் போல் தட்டை. ஆறு பக்கமும் ஒரே நீளம். மீதியிருந்த ஆறு கைகளும் தனித்தனியாக இல்லை. வளையம் முழுவதற்கும் பொதுச் சொத்தாகப் பரவி நிற்கின்றன. அதனால்தான் பென்சீன் அத்தனை சாது.

இதில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன். சர் சி.வி. ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டறியப் பாடுபட்டவர். காந்தத்தின் நடுவே படிகத்தைத் தொங்கவிட்டால் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை நுட்பமாக அளந்து, உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து நிற்கின்றன என்று சொல்லும் வித்தை அவருக்குக் கைவந்தது. 1936-ல் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்தே இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

லான்ஸ்டேல் யுத்தத்தை வெறுத்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் அரசாங்கக் கட்டளைப்படி பெயர் பதிய மறுத்தார். அபராதமும் கட்ட மறுத்தார். 1943-ல் ஒரு மாதம் ஜெயிலில் இருந்தார். இரண்டு வருடம் கழித்து ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. அந்தச் சபையில் முதன்முதலாக இடம் பெற்ற இரண்டு பெண்களில் அவர் ஒருவர்!

உங்கள் வீட்டிலும் இருக்கிறது

வளையத்தின் உருவம் தெரிந்ததும் ரசாயனக்காரர்கள் அதில் இதை மாட்டினார்கள், அதை மாட்டினார்கள். ஆயிரக்கணக்கான பொருள்கள் பிறந்தன. டி.வி. பெட்டியைச் சுற்றி வரும் தெர்மோகோல், நைலான் கயிறு, தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின் மாத்திரை, எல்லாம் பென்சீனின் பிள்ளை குட்டிகளே. துணி துவைக்கும் சோப்புத் தூளுக்கு வேண்டிய மூலச் சரக்கையும் பென்சீனில் இருந்து செய்கிறார்கள். சென்னைக்கு வடக்கே மணலியில் அதற்கென்று தொழிற்சாலை இருக்கிறது. கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டால் "பி.எச்.சி. பவுடர்" என்று பூச்சி மருந்து தூவியதைச் சொல்வார்கள். அதுவும் பென்சீன் சரக்குதான். நம் நாட்டில் 1997-ல் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

ஆஸ்பிரினையும் சோப்புத் தூளையும் கண்டு பயப்பட வேண்டாம். வேறு பொருளாக மாறிவிட்ட பென்சீன் பென்சீன் அல்ல. ஆபத்து, அது திரவமாகவும் ஆவியாகவும் இருக்கும்போதுதான். அதாவது, அதைக் கொண்டு வேலை செய்கிறவனுக்கு.

மூக்கு வழியாகப் போன ஆவி ரத்தத்தில் கலக்கிறது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைப் போய்ச் சேருகிறது. நம் உடம்பில் ரத்தம் ஊறும் கிணறு அந்த மஜ்ஜைதான். பென்சீன் அந்தக் கிணற்றைத் தூர்த்துவிடுகிறது. சிலருக்கு ரத்தம் ஊறுவதே நின்று போகிறது. சிலருக்குக் கெட்ட ரத்த அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிப் புற்றுநோயாகிறது. இதெல்லாம் நாலு நாளில் தெரியாது, வருடங்கள் ஆகும். அதற்குள் தொழிலாளி அந்த வேலையை விட்டு வேறு வேலைக்கே போயிருப்பான்.

1897-லேயே ஸ்வீடன் நாட்டில் எச்சரிக்கை மணி அடித்தது. சைக்கிள் டயர் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் பெண்கள் ரத்தம் வற்றி நோயில் விழுந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஆனாலும் பென்சீனின் நல்ல பெயர் கெடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் காபிக் கொட்டையில் உள்ள காபீன் என்னும் சத்தை நீக்க, கொட்டையைப் பென்சீனில் ஊற வைத்தார்கள். "உடம்புக்கு நல்ல காபி" என்று விற்றார்கள்!

ஒன்பது வருடப் போராட்டம்

அமெரிக்காவில் நடந்ததைக் கேட்டால் கோபம் வரும். பெட்ரோல் கம்பெனிகளின் சங்கம் 1948-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பென்சீனில் முற்றிலும் ஆபத்தில்லாத அளவு என்றால் அது பூஜ்யம்தான் என்று அதிலேயே எழுதியிருந்தது.

30 வருடம் சென்றது. ஒஹையோ மாகாணத்தில் பென்சீனைக் கொண்டு ரப்பர் தாள் செய்த தொழிலாளர்களுக்கு ரத்தப் புற்றுநோய் மிகுதியாக வந்திருப்பது 1977-ல் வெளியானது. தொழிலாளர் பாதுகாப்பு இலாகா விழித்துக் கொண்டது. அதுவரை தொழிற்சாலைக் காற்றில் பத்து லட்சம் பங்குக்குப் பத்துப் பங்கு பென்சீன் இருக்கலாம் என்று சட்டம். அதை ஒரு பங்காகக் குறைத்து 1978-ல் உத்தரவு போட்டது.

எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது யார்? பூஜ்யம்தான் ஆபத்தில்லாத அளவு என்று எழுதிய அதே சங்கம்!

1980 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். பழைய அளவில் பெரிய ஆபத்து உண்டு என்று இலாகா நிரூபிக்கவில்லை என்று சொல்லி உத்தரவு ரத்து செய்யப்பட்டது. இலாகா மறுபடியும் ஆதாரங்களைத் திரட்டி, அதே ஒரு பங்கு என்ற அளவை 1987-ல்தான் கொண்டு வர முடிந்தது. நடுவில் ஒன்பது வருடம் தொழிலாளர்கள் பழைய காற்றையே சுவாசித்தார்கள்.

இஸ்தான்புல்லில் நிலைமை வேறு விதம். அங்கே பசையில் பென்சீன் சேர்ப்பதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். புதிதாக நோயோடு வருகிற செருப்புத் தொழிலாளிகளின் எண்ணிக்கை அதன் பிறகு குறைந்ததை அக்சோயே கண்டார்.

நம் நாட்டில் பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒரு பங்கு வரை இருக்கலாம் என்றும் அர்த்தம். பட்டறைகளில் வேலை முடிந்ததும் கை கிரீஸைப் பெட்ரோலால் கழுவும் பையன்களைப் பார்க்கிறோம். வண்டியில் இருந்து பெட்ரோல் எடுக்க ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறவர்களையும் பார்க்கிறோம். கைக்கு மண்ணெண்ணெயும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். சோப்பும் மரத்தூளும் போதும். உறிஞ்சுவதற்குக் கை பம்பு கடைகளில் விற்கிறது.

தொழிற்சாலைப் பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு செய்தி. பீடி, சிகரெட் புகையிலும் பென்சீன் இருக்கிறது. புகை பிடிப்பவர் உடம்பில் சேரும் பென்சீனில் பெரும் பங்கு அந்தப் புகையில் இருந்து வருவதுதான். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊதினால், பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கும் அதில் கொஞ்சம் போகிறது.